டிக்கர்சன் 2004, ஓல்ட் ஹில் 2006: காக்கை லேபிளை விட்டுப் போன தோட்டங்கள்

ரேவன்ஸ்வுட் என்று ஒரு கலிஃபோர்னியா ஒயின். லேபிளில் மூன்று காக்கைகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு வட்டமாகச் சுற்றும். உல்லாசக் கப்பலில் ஒயின் பரிமாறிச் சம்பாதித்த காலத்தில் அந்தக் காக்கையை மேஜை மேஜையாகத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். அது வின்ட்னர்ஸ் பிளெண்ட் என்கிற சாதாச் சரக்கு. பல ஊர்த் திராட்சையை ஒன்றாகக் கொட்டிச் செய்தது, கிளாஸ் கணக்கில் ஓடும். அதே காக்கைக்குக் கீழே ஒரு தோட்டத்தின் பெயரும் அச்சாகியிருந்தால் சங்கதியே வேறு. ஒயின் லிஸ்ட்டில் கடைசிப் பக்கத்தில் கிடக்கும், விலை அதிகம், கேட்கிற ஆள் அபூர்வம். வேலையை விட்டுவிட்டு கடலூர் முதுநகரில் வந்து உட்கார்ந்த பிறகு, அந்த இரண்டாவது ஜாதியில் இரண்டு பாட்டில் கைக்கு வந்தது. கூடவே, அந்தத் தோட்டங்களில் ஒன்றின் சொந்தக்காரரே போட்ட புது பாட்டில் ஒன்றும். மூன்றையும் தை மாதத்து ஒரு ராத்திரி, புதுச்சேரி குருசுக்குப்பத்தில் நண்பர் வீட்டில் திறந்தோம்.

தோட்டத்தின் பெயரில் வந்த ஒயின் ஏன் திடீரென்று நின்றுபோகும் என்று பலருக்குப் புரிவதில்லை. ஒயின் கம்பெனி என்றால் அதற்குச் சொந்தமாகக் கொடித் தோட்டம் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். கலிஃபோர்னியாவில் பாதிக் கதை அப்படியில்லை. நம் பண்ருட்டிப் பக்கம் பலாத் தோப்பு ஒருத்தருடையது, காய்ப்பைக் குத்தகைக்கு எடுக்கிறவர் இன்னொருத்தர் இல்லையா, அந்த மாதிரிதான். தோப்புக்காரர் இறந்தாலும், மகன் வேறு ஆளுக்குக் கைமாற்றினாலும், குத்தகைக்காரர் நொடித்துப்போனாலும், அடுத்த வருஷம் அந்தப் பழம் அந்தக் கடைக்கு வராது. மரம் அங்கேயேதான் நிற்கும்.

ரேவன்ஸ்வுட் முழுக்க முழுக்க அப்படி வளர்ந்த கம்பெனி. ஜோயல் பீட்டர்சன் என்பவர் 1976ல் ஆரம்பித்தார். ஒயினில் சோறு கிடைக்காது என்று தெரிந்ததால் கலிஃபோர்னியாவில் சோனோமா என்கிற ஊர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்துக்கொண்டே வருஷக்கணக்கில் ஓட்டினார். தோட்டம் வாங்கக் காசு இல்லை. ஜின்ஃபண்டெல் என்கிற கறுப்புத் திராட்சையின், யாரும் பெரிதாக மதிக்காத பழைய கொடிகளைத் தேடிப் போய், தோட்டக்காரரிடம் பேசிப் பழத்தை வாங்கினார். அப்போது அமெரிக்காவில் ஜின்ஃபண்டெல் என்றால் இளஞ்சிவப்பு நிறத்தில் தித்திப்பாக ஒரு தண்ணீர் ஒயின் வரும், அதுதான் ஊரெல்லாம் ஓடியது. அதைக் கேலி செய்வது ஒயின்காரர்களுக்குப் பொழுதுபோக்கு. எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடில்லை. அந்தத் தித்திப்புத் தண்ணீருக்குப் பழம் தேவைப்பட்டதால்தான் பல கிழட்டுக் கொடிகள் பிடுங்கப்படாமல் பிழைத்தன.

பீட்டர்சன் அந்தக் கிழட்டுக் கொடிகளின் பழத்தைத் தோட்டவாரியாகப் பிரித்து வைத்தார். டிக்கர்சன், ஓல்ட் ஹில், டெல்டெஸ்கி, பாரிசியா என்று ஒவ்வொன்றுக்கும் தனி பாட்டில். அமெரிக்கச் சட்டப்படி ஒரு தோட்டத்தின் பெயரை லேபிளில் போட்டால் உள்ளே இருப்பதில் குறைந்தது நூற்றுக்கு 95 பங்கு அந்தத் தோட்டத்துப் பழமாக இருக்க வேண்டும். அதனால் பழம் நின்றால் பெயரும் நிற்கும். பக்கத்துத் தோட்டத்துப் பழத்தை வாங்கிச் சமாளிக்கும் வேலை நடக்காது.

2001ல் கான்ஸ்டலேஷன் என்கிற பெரிய கம்பெனி ரேவன்ஸ்வுட்டை 14 கோடியே 80 லட்சம் டாலருக்கு வாங்கியது. பெரிய கம்பெனிக்கு வின்ட்னர்ஸ் பிளெண்ட்தான் லாபம். சிறு தோட்டத்து ஒயின் எல்லாம் கௌரவத்துக்கு. கொஞ்ச காலம் கௌரவம் நடந்தது. 2019ல் சோனோமாவில் இருந்த ரேவன்ஸ்வுட் சுவைக் கூடத்தை மூடினார்கள். 2021ல் கம்பெனி பெயர் காலோ என்கிற இன்னொரு பெரிய ஒயின் கம்பெனி கைக்குப் போனது, இன்னும் பல மலிவு விலை பிராண்டுகளோடு மூட்டையாக. பழைய தோட்ட ஏற்பாடுகள் அந்த இழுபறியில் கலைந்தன.

இது இவர்களுக்கு மட்டும் நேர்ந்தது இல்லை. கலிஃபோர்னியாவிலேயே நாபா என்கிற இடத்தில் ஐஸலே என்று ஒரு தோட்டம். அங்கே விளைகிற காபர்னே என்கிற கறுப்புத் திராட்சையின் ஒயினை ஜோசப் ஃபெல்ப்ஸ் கம்பெனி 1975 தொடங்கி 1991 வரை தன் லேபிளில் போட்டு வந்தது. 1990ல் தோட்டத்தை அரௌஹோ குடும்பம் வாங்கியது, ஃபெல்ப்ஸுக்கு வழி அடைபட்டது. 2013ல் அதையும் பிரான்ஸின் ஷாட்டோ லத்தூர் என்கிற பெரிய ஒயின் தோட்டத்து முதலாளி பினோ வாங்கிவிட்டார். ஃபெல்ப்ஸ் பெயரில் வந்த ஒரு பழைய ஐஸலேயை ஒரு விருந்தாளி அரைக் கிளாஸ் மிச்சம் வைத்துவிட்டுப் போனார், அதைப் பின்கட்டில் நின்று நான் முடித்தேன். மேஜைக்காரன் வேலையில் கிடைக்கிற படிப்பு பெரும்பாலும் இப்படித்தான். ஹைட்ஸ் கம்பெனி போட்ட பெல்லா ஓக்ஸ் தோட்டத்து ஒயினின் கதையும் கிட்டத்தட்ட இதே. 1976 முதல் போட்டு வந்தார்கள், தோட்டம் கைமாறியதும் முடிந்தது.

சரி, பாட்டிலுக்கு வருகிறேன்.

மகனும் மருமகளும் ஃப்ரீமான்ட்டிலிருந்து லீவுக்கு வந்தபோது கொண்டு வந்தது. ஆளுக்கு 2 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டு வரலாம் என்பதால் சிக்கல் ஏதும் இல்லை. பழைய சரக்கு விற்கிற ஒரு கடையில் மகன் வாங்கினான். டிக்கர்சனும் ரேவன்ஸ்வுட் ஓல்ட் ஹில்லும் ஒவ்வொன்றும் நாற்பது டாலருக்குச் சொச்சம் கூட. இருபது வருஷத்து ஒயினுக்கு இது கொள்ளை மலிவு, ஏனென்றால் பழைய ஜின்ஃபண்டெலை யாரும் சேர்த்து வைப்பதில்லை. நாலைந்து வருஷத்தில் குடித்துவிட வேண்டிய ஒயின் என்று பெயர் ஆகிவிட்டது. மூன்றாவது, பக்லின் குடும்பம் சொந்தமாகப் போடுகிற ஓல்ட் ஹில் ராஞ்ச் 2018.

சென்னை விமான நிலையத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக நேரே புதுச்சேரி நண்பர் வீட்டில்தான் இறக்கினோம். கடலூருக்கு வரவே இல்லை. காரணம், அவரிடம் சின்னதாக ஒரு ஒயின் ஃபிரிட்ஜ் இருக்கிறது. அவர் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், வீட்டில் ஒயின் சாப்பாட்டோடு சாப்பிடுகிற சாமான். அந்த வீட்டில் பாட்டிலைப் பார்த்து யாரும் முகத்தைத் திருப்ப மாட்டார்கள், யாரும் கூத்தடிக்கவும் மாட்டார்கள். மிச்சத்தை எடுத்துக்கொண்டு முள்ளோடை தாண்டி ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் போலீஸ்காரரிடம் டிக்கர்சன் என்றால் யார் என்று விளக்குகிற உத்தேசமும் எனக்கு இல்லை. அங்கேயே முடிப்பது என்று ஏற்பாடு.

பயணம் செய்த பழைய ஒயினைச் சில வாரம் படுக்கப்போட்டு விடவேண்டும். திறப்பதற்கு முந்தின நாள் நிமிர்த்தி வைக்கவேண்டும், மண்டி எல்லாம் அடியில் இறங்கும். நண்பர் இரண்டையும் ஒழுங்காகச் செய்திருந்தார்.

டிக்கர்சன் 2004. மூடியை உரித்ததும் கார்க்கின் தலை கறுத்து, ஈரம் மேலே வரை ஏறியிருந்தது தெரிந்தது. திருகாணியைப் போட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். இதற்கென்று ஆ-சோ என்று ஒரு கருவி உண்டு. இரண்டு தகடுக் கால், ஒன்று நீளம் ஒன்று குட்டை. கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நீளக்காலை முதலில் விட்டு, பிறகு குட்டைக்காலை விட்டு, இப்படியும் அப்படியுமாக ஆட்டி ஆட்டி இறக்கி, பிறகு முறுக்கிக்கொண்டே மேலே இழுக்க வேண்டும். முக்கால் பங்கு முழுசாக வந்தது. அடிப்பகுதி வாயிலேயே நின்று, தொட்டதும் ஈர மணலாக உள்ளே விழுந்தது. அண்ணி (நண்பரின் மனைவி) ஒரு வெள்ளை மல் துணியைச் சோப்புப் போடாமல் வெந்நீரில் அலசிப் பிழிந்து கொடுத்தார். வடிகட்டியில் அதை விரித்து, பாட்டில் கழுத்துக்குக் கீழே செல்போன் டார்ச்சை வைத்துக்கொண்டு, ஒரே சாய்ப்பாக ஊற்றினேன். கழுத்தில் கறுப்பாக ஒரு இழை நகர்ந்து வருகிறதே, அது மண்டி. அது தோளுக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். கடைசியில் இரண்டு விரல்கடை மிச்சம் விட்டேன். நண்பருக்கு மனசே இல்லை.

"அண்ணே, அதையும் ஊத்துங்க, நாப்பது டாலரு."

"அது மண்ணு, தம்பி."

நிறம் நடுவில் கறுஞ்சிவப்பு, ஓரத்தில் செங்கல். முகர்ந்தவுடன் முதலில் வந்தது நீலகிரித் தைலம். ஜலதோஷத்துக்குத் தடவுகிற அந்த வாசனையேதான், ஆனால் தூரத்தில். பின்னாலேயே உலர்ந்த ராஸ்பெரி, கொஞ்சம் பழைய தோல் பெட்டி. டிக்கர்சன் தோட்டம் இந்தப் புதினா-தைல வாசனைக்குப் பெயர் போனது, இது கெட்டுப்போன அடையாளம் இல்லை. கொடிகளுக்குப் பக்கத்தில் யூகலிப்டஸ் மரம் இருந்தால் அதன் எண்ணெய் காற்றில் வந்து திராட்சைத் தோலில் படியும், அறுவடையின்போது இலை குச்சி கலந்தால் இன்னும் கூடும். ஆஸ்திரேலியாவில் இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். நாபாவில் ஹைட்ஸின் மார்த்தாஸ் தோட்டமும் இதே வாசனைக்காகப் புகழ்பெற்றது. காபர்னேயில் அந்த வாசனை எனக்கு மருந்துக்கடை. ஜின்ஃபண்டெலில் ஏனோ பொருந்துகிறது, பழத்தின் தித்திப்பை அது கொஞ்சம் அடக்குகிறது.

வாயில் மெலிந்துதான் இருந்தது. இருபது வருஷத்தில் சதை போய்விட்டது. ஆனால் புளிப்பு உயிரோடு இருந்தது, துவர்ப்பு பட்டாகியிருந்தது. விழுங்கிய பிறகு உலர்ந்த பழத்தின் ருசி ரொம்ப நேரம் நின்றது. ஊற்றி இருபது நிமிஷத்தில் உச்சம். ஒரு மணி நேரம் ஆனபோது தைலம் மட்டும் மிஞ்சி, பழம் விலகிக்கொண்டது. இந்த வயசு ஒயினை டிகேன்டர் என்கிற அகன்ற கண்ணாடிக் குடுவையில் மணிக்கணக்கில் காற்றாட விடச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள். மண்டியைப் பிரித்ததும் குடித்துவிட வேண்டும்.

2004 என்கிற வருஷத்தை மகனிடம் நான் கேட்டுத்தான் வாங்கினேன். அந்தத் தோட்டத்தின் சொந்தக்காரர் பில் டிக்கர்சன், மனநல மருத்துவர். நாபாவில் செயின்ட் ஹெலினா பக்கம், காபர்னே நட்டால் காசு கொட்டுகிற மண்ணில், பழைய ஜின்ஃபண்டெல் கொடிகளைப் பிடுங்காமல் வைத்துக்கொண்டிருந்த பிடிவாதக்காரர். அந்த 2004 டிசம்பரில் விடுமுறைக்குத் தாய்லாந்து போனவர், 26ஆம் தேதி சுனாமியில் இறந்துபோனார். இந்த பாட்டிலில் இருப்பது அவர் கண்முன் அறுத்த கடைசிப் பழம். அறுவடை முடிந்து, ஒயின் பீப்பாயில் கிடக்கும்போதே அவர் இல்லை.

கடலூர்க்காரனுக்கு அந்தத் தேதியைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு என்று ஊர் ஊராக அடித்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை. நான் அப்போது கரீபியன் கடலில். கப்பலில் இருந்த கடலூர், நாகப்பட்டினம் பையன்கள் எல்லாரும் சேட்டிலைட் போன் வரிசையில் நின்றோம், லைன் கிடைக்கவில்லை. இந்த மருத்துவரின் செய்தியை ரொம்பப் பின்னால்தான், ஒரு ஒயின் பத்திரிகையில் படித்தேன். நாபாவில் கொடி வளர்த்தவருக்கும் சோனங்குப்பத்தில் வலை பின்னியவருக்கும் ஒரே காலையில் வந்த தண்ணீர். நண்பர் வீட்டில் இதைச் சொன்னபோது அண்ணி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றார். சொல்லியிருந்தால் யாரும் ருசியைப் பார்த்திருக்க மாட்டார்கள், அதனால்தான் பிறகு சொன்னேன். ஒயினை ஒயினாகக் குடித்த பிறகு கதை கேட்பதுதான் முறை. கதையைக் கேட்டுவிட்டுக் குடித்தால் தண்ணீர்கூட நன்றாகத்தான் இருக்கும்.

அந்தக் காக்கை லேபிளில் டிக்கர்சன் பெயரோடு புது பாட்டிலைக் கடையில் பார்க்க முடிவதில்லை. பழைய சரக்கில் தேடினால்தான் உண்டு. அந்தத் தைல வாசனை வேறு எந்த ஜின்ஃபண்டெலிலும் எனக்குக் கிடைத்ததில்லை. பத்துக்கு ஏழரை கொடுப்பேன். பத்து வருஷம் முன்னால் திறந்திருந்தால் ஒன்பது.

அடுத்தது ஓல்ட் ஹில் 2006. இது சோனோமா பள்ளத்தாக்கில், க்ளென் எல்லன் பக்கத்தில் இருக்கிற தோட்டம். 1850களில் வில்லியம் மெக்ஃபர்சன் ஹில் என்பவர் முதலில் நட்டார். வேர்ப்பூச்சி வந்து அழித்த பிறகு 1880களில் மறுபடி நட்ட கொடிகள் இன்றும் காய்க்கின்றன. பந்தல் கிடையாது, கம்பி கிடையாது. ஒவ்வொன்றும் இடுப்பு உயரத்தில் தனித்தனியாக நிற்கிற முண்டு. பாசனமும் கிடையாது, மானாவாரிதான். ஜின்ஃபண்டெல் என்று பெயரே தவிர, அதற்குள் கிரெனாஷ், அலிகான்ட் என்று இருபதுக்கும் மேற்பட்ட ரகங்கள் ஊடாக நிற்கின்றன. நட்டவர்கள் எதிலும் பட்டியல் வைக்கவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாக அறுத்து ஒன்றாகப் புளிக்கவைப்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். 1981ல் ஓட்டோ டெல்லர் என்பவர் இந்த இடத்தை வாங்கியபோது கொடிகள் புதர் மண்டிக் கிடந்தன. பிடுங்கிப்போடச் சொன்னவர்கள் நிறையப் பேர். அவர் பிடுங்கவில்லை, பீட்டர்சன் பழத்தை வாங்கிக்கொண்டார். டெல்லர் மனைவியின் மகன் வில் பக்லின் 2000ல் சொந்த லேபிள் போட ஆரம்பித்தார். அந்தத் தேதியிலிருந்தே ரேவன்ஸ்வுட்டுக்குப் போகிற பழத்துக்குக் கெடு வைத்தாகிவிட்டது என்று நான் சொல்வேன், கம்பெனி கைமாறியது சாக்கு. சொந்த ஒயினுக்கு ருசி கண்ட தோட்டக்காரர் நல்ல வரிசைகளை அடுத்தவனுக்கு எத்தனை வருஷம் கொடுப்பார்?

இந்த கார்க் முழுசாக வந்தது. நிறம் இன்னும் கருநாவல். டிக்கர்சனை விட இரண்டே வயசு இளசு, ஆனால் பத்து வயசு இளசாகத் தெரிந்தது. கறுப்பு செர்ரி, கருமிளகு, ஓக் பீப்பாயிலிருந்து வருகிற கிராம்பு வாசனை. இந்தப் பீப்பாய் வாசனைதான் என் ஒரே புகார். பெரிய கம்பெனி வந்த பிறகு பல தோட்டத்து ஒயின்களும் ஒரே பீப்பாய் வாசனையில் வர ஆரம்பித்தன என்று கப்பலில் ஒயின் பிரிவுக்கு மேலாளாக இருந்த எங்கள் தலைமை சொமலியே புலம்புவார், அது இதில் தெரிந்தது. சாராய அளவு 15 பக்கம் இருக்கும், தொண்டையில் சூடு காட்டியது. ஆனால் நடு நாக்கில் ஒரு அடர்த்தி, பல ரகம் கலந்த கொடியில்தான் வரும் அது. ஒரு வாய்க்கு ஒன்று, அடுத்த வாய்க்கு இன்னொன்று என்று மாறிக்கொண்டே இருந்தது. பத்துக்கு எட்டு.

உடனே பக்கத்துக் கிளாஸில் பக்லின் 2018. அதே கொடிகள், அதே மண். பன்னிரண்டு வருஷ வித்தியாசம் இருப்பதால் நேருக்கு நேர் ஒப்பிடுவது நியாயம் இல்லைதான், தெரிந்தே செய்கிறேன். பீப்பாய் பின்னால் போய்விட்டது. மண்ணில் முதல் மழை விழுந்த வாசனையும், மாதுளைத் தோலின் துவர்ப்பும் முன்னால் வந்தன. சூடு குறைவு. ரேவன்ஸ்வுட் ஓல்ட் ஹில் தன்னைக் காட்டிக்கொள்கிற ஒயின். பக்லின், உள்ளே இருக்கிறவர்களை எல்லாம் பேசவிடுகிற ஒயின். எட்டரை தயங்காமல் கொடுப்பேன். நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை, "உங்களுக்குத் தோட்டக்காரன் மேல பாசம்ணே" என்றார். அவருக்கு 2006தான் பிடித்தது, மறுபடி மறுபடி அதையே ஊற்றிக்கொண்டார். வாய்க்கு வாய் வேறு.

ஆக, ஒரு லேபிளை விட்டுத் தோட்டம் போவது எப்போதும் துக்கம் இல்லை. ஓல்ட் ஹில் விஷயத்தில் பழம் இப்போது நல்ல கையில்தான் இருக்கிறது. பக்லின் தவிர, ஜோயல் பீட்டர்சனின் மகன் மோர்கன் 2007ல் ஆரம்பித்த பெட்ராக் கம்பெனிக்கும் அங்கிருந்து பழம் போகிறது. ஜோயலும் ஒன்ஸ் அண்ட் ஃப்யூச்சர் என்று சின்னதாக ஒன்று ஆரம்பித்து, திரும்பவும் பழைய கொடிகளிடம் போய்விட்டார். பழம் போன இடம் தெரிந்தால் பின்னாலேயே போய் வாங்கலாம். டிக்கர்சன் மாதிரி, கொடியைக் காத்து வைத்திருந்தவர், வாங்கியவர், வாசனை மூன்றும் சேர்ந்து இருந்த பாட்டில் வராமல் போனதுதான் நஷ்டம்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் வீட்டுச் சாப்பாட்டில்தான் இந்த ஒயின் பலருக்குக் கசக்கிறது. நான் காலையில் கடலூர் துறைமுகத்தில் வாங்கிக்கொண்டு போன வஞ்சிரம் நல்ல துண்டு. அதைச் சிவப்பு ஒயினோடு வைக்க நான் விடவில்லை, முன்னதாகவே பீரோடு முடித்தோம். சிவப்பு ஒயினில் இருக்கிற இரும்பும் மீன் எண்ணெயும் சேர்ந்தால் வாயில் துருப்பிடித்த ஆணி. அண்ணி புதுச்சேரிப் பாணியில் விந்தாலு வைக்கலாமா என்று கேட்டார். ரொம்பப் பிரியம் எனக்கு, ஆனால் அதில் விழுகிற வினிகர் இருபது வயசு ஒயினை ஒரே அடியில் சாய்த்துவிடும். கடைசியில் மட்டனை மிளகும் சோம்பும் போட்டு, மிளகாயை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துச் சுக்காவாக வறட்டினார். கூடவே சுடச்சுட பாகெத் என்கிற நீளப் பிரெஞ்சு ரொட்டி. மிளகாய்க் காரத்தைச் சாராயம் கூட்டித் தரும், 15 சதவீத ஜின்ஃபண்டெலுக்கும் ஆந்திரா மீல்ஸுக்கும் சேராது. மிளகு சேரும். ஓல்ட் ஹில் அந்தச் சுக்காவோடு குடிக்கும்போது அதுவரை நான் கண்டுபிடிக்காத ஒரு பெருஞ்சீரக வாசனையைக் காட்டியது. அது கறியில் இருந்ததா கிளாஸில் இருந்ததா என்று இன்னும் எங்களுக்குள் வழக்கு.

நம் நாட்டுச் சரக்கிலும் இதே மாதிரி நடந்திருக்கிறது. நாசிக் பக்கம் திண்டோரியில் சரோசா என்று ஒரு தோட்டம், டெம்ப்ரனில்லோ என்கிற திராட்சையில் அவர்கள் போட்ட ஒயின் இந்தியாவில் நான் குடித்த நல்ல சிவப்புகளில் ஒன்று. பிறகு அது க்ரோவர் சாம்பா என்கிற ஒயின் கம்பெனி கைக்குப் போய்விட்டது. அதற்கு முன்னால் நாராயண்காவ் இண்டேஜ் கம்பெனியின் ஓமர் கய்யாம், பிரான்ஸ் வரை போன நுரை ஒயின், கம்பெனியோடு சேர்ந்து மூழ்கியது. 2008க்குப் பிறகு விற்பனை படுத்தபோது மகாராஷ்டிர விவசாயிகள் பலர் ஒயின் கொடிகளைப் பிடுங்கிவிட்டுச் சாப்பிடுகிற திராட்சைக்கு மாறினார்கள். கலிஃபோர்னியாக்காரர் பழைய பாட்டிலைத் தேடிப் பிடித்துக் குடிக்கிறார். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, இங்கே பாட்டில் பிழைப்பதே இல்லை. புதுச்சேரிக் கடை ஒன்றில் சரோசா பாட்டில் தூசியோடு நிற்பதைப் பார்த்து ஆசையாக வாங்கினேன். கடைசி சரக்கு, தள்ளுபடி வேறு. திறந்தால் வெந்த வெல்லப்பாகு. மேல் தட்டில், டியூப்லைட்டுக்கு ஒரு சாண் கீழே, எத்தனை கோடையை நின்றே கழித்ததோ. பிராந்தியை அப்படி வைக்கலாம், அது தாங்கும். ஒயினை வைத்தால் கார்க் காயும், காற்று போகும், 35 டிகிரியில் ஒயின் அவிந்துபோகும். கடைக்காரரைச் சொல்லிப் பயனில்லை, அவர் விற்பது பிராந்தி, ஒயின் அங்கே அலங்காரம். ஆகவே புதுச்சேரியில் ஒயின் வாங்குகிறவர்கள் தள்ளுபடிக்கு மயங்காதீர்கள். ஏசி ஓடுகிற கடையா, பாட்டில் படுத்திருக்கிறதா, கழுத்து வரை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். கார்க் மூடிக்கு மேலே துருத்தியிருந்தால் அது வெயிலில் வெந்தது, தொடாதீர்கள். திருகு மூடி போட்டதாக இருந்தால் இன்னும் நல்லது.

ஹோட்டல்களிலும் இதே கூத்துதான். சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் கொடுக்க வேண்டும் என்று எவனோ சொல்லிவைத்தான். அவன் அறை நார்மண்டியில் இருந்தது, நம் அறை 31 டிகிரி. அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள், முறைத்தாலும் பரவாயில்லை. 16, 17 டிகிரியில் குடித்தால் பாதி ஜின்ஃபண்டெல்கள் பிழைத்துக்கொள்ளும்.

அமெரிக்காவிலிருந்து யாராவது வருவதாக இருந்தால் விஸ்கி கேட்பதற்குப் பதில் ஒருமுறை பக்லின் ஓல்ட் ஹில் கேட்டுப் பாருங்கள். நல்ல வருஷமாகப் பார்த்து, ஏழெட்டு வயசுக்குள் குடித்துவிடுவது நல்லது. ரேவன்ஸ்வுட் தோட்டப் பெயர் போட்ட பழைய பாட்டில் கண்ணில் பட்டால், ஐம்பது டாலருக்குள் என்றால் துணிந்து வாங்கலாம், அதற்கு மேல் வேண்டாம், கார்க் கைவிட்டால் மொத்தமும் போச்சு. டெல்டெஸ்கி எங்காவது கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள். மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.